தலையை எண்ணாதே, சீட்டை எண்ணு

1

நேற்று புதிய குடியிருப்பு அட்டை கைக்கு வந்தது. மூன்று வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையல்கூடத்தில் வேலை செய்கிறேன். இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. வேறெந்த வேலையிலும் நான் இவ்வளவு காலம் தங்கியதில்லை. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டினேன், பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினேன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை. எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு வந்தவன்தான்.

அட்டையில் ஆங்கில எழுத்தில் கண்ணப்பன் ஏழுமலை என்று இருக்கிறது. கண்ணப்பன் என் அப்பா. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்றார்கள். அவர் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து அயல்நாட்டில் நான் கண்ணப்பன். ஆஸ்பத்திரியில் மரியாதைக்குச் சான் சேர்த்து "கண்ணப்பன்-சான்" என்று கூப்பிட்டால், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று ஒரு நொடி திரும்பிப் பார்ப்பேன். அவர் அரக்கோணத்தைத் தாண்டியதில்லை.

இங்கே பெயர் எழுதுவதற்கே இரண்டு அகலம் உண்டு. நகராட்சிக் காகிதத்தில் என் பெயர் குண்டு எழுத்தில் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அதே பெயர், அதே ஒலி, ஒல்லி எழுத்தில் இருக்கும். கணினியில் ஒரு குண்டு எழுத்து உட்கார இரண்டு ஒல்லி எழுத்துகளின் இடம் வேண்டும். படிவத்தில் வீட்டு எண்ணைக்கூட "குண்டு எழுத்தில் அடிக்கவும்" என்று கேட்பார்கள். ஒல்லியாக அடித்தால் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பும். வந்த புதிதில் வங்கிக் கவுன்ட்டரில் இருந்த பெண் என் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்து, இருவரும் ஒரே ஆள்தானா என்று மரியாதையாகக் கேட்டார். ஒரே ஆள்தான், இங்கே வந்து இளைத்துவிட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. புதுப் படிவம் கொடுத்தார்.

அந்தக் குண்டு எழுத்துகளால்தான் போன வருடம் ஒரு உயிருக்கு ஆபத்தாகப் பார்த்தது. அட்டை கையில் இருக்கும் இந்த வாரத்திலேயே அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதலில் ஷேர் ஆட்டோ. நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எஸ்டேட்டிலிருந்து அத்திப்பட்டு, அயனம்பாக்கம் வழியாக வானகரம் வரை என் ரூட். நான் ஓட்டுவேன், கூட்டாளி டில்லிபாபு பின்னால் நின்று ஆள் ஏற்றுவான். வண்டியில் எட்டு சீட்டு. ஆனால் எட்டுப் பேர் என்று அவன் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. யார் எவ்வளவு இடம் அடைப்பார்கள் என்று தூரத்திலேயே கண்ணால் அளந்துவிடுவான். தினமும் மீன் கூடையோடு ஏறும் ஒரு அக்காவோடு அவனுக்குத் தினமும் சண்டை.

"கூடையோட சேத்து ரெண்டு சீட்டுக்கா."

"கூடைக்கு உசுரு கீதா இன்னா? நான் ஒரு ஆளுதானே நைனா."

"உசுரு இல்லதான். ஆனா கெத்தா ஒக்காந்துகினு வருதே."

அந்த அக்கா சிரித்துக்கொண்டே திட்டுவார். ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருக்கும்போது அவர் கைகாட்டினால் டில்லி நிறுத்தவே மாட்டான். பாதி அக்காவை ஏற்ற முடியாது, அந்த ஒரு சீட்டு காலியாகவே போகட்டும் என்பான். எனக்கு அப்போது அது வீம்பாகத் தெரிந்தது.

நான் ஷார்ஜாவுக்குப் போன பிறகு அவன் அஞ்சல் வழியில் படித்தான், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். இப்போது பட்டாபிராமில் ஃபிளாட். காலையில் ரயில், சாயங்காலம் ரயில். நான் பாதியில் விட்டதையெல்லாம் அவன் முழுசாக முடித்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. போனை எடுத்தால் பேசுகிறான், அது போதும்.

3

எங்கள் சமையல்கூடத்தில், தட்டு அடுக்கும் மேடைக்கு மேலே ஒரு திரை தொங்குகிறது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக நிற்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் அறை எண், பெயர், சோற்றின் அளவு, வலது கோடியில் ஒரு குறி. வட்டம் என்றால் சாதாரணச் சாப்பாடு. முக்கோணம் என்றால் மென்மையாக வேகவைத்தது. நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருக்கிறது, அது இருந்தால் எல்லாவற்றையும் அரைத்துக் கெட்டியாக்கிக் கொடுக்கவேண்டும். விழுங்கும்போது மூச்சுக்குழாயில் போய்விடக்கூடியவர்களுக்கு அந்தக் குறி. அவர்களுக்கு ஒரு துண்டு மீன் போனாலும் போதும், கதை முடிந்துவிடும்.

திரையில் பார்ப்போம், தட்டை வைப்போம், அந்த அறை எண் ஒட்டிய தள்ளுவண்டி அடுக்கில் செருகுவோம். இதுதான் தினப்படி மூன்று வேளையும்.

அந்தப் புரோகிராமை யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பழைய கணினி ஒருநாள் நின்றுபோனது. புதிதாக ஒன்று வந்தது. அதில் அதே புரோகிராமைப் போட்டால் வரிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை. ஒரு வாரம் காகிதத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டினோம். தலைமைச் சமையல்காரர் ஓகாதா என்ற அம்மா. எங்களை எல்லாம் மேய்ப்பவர். அவர் அறுபது வரிகளைத் தினமும் மூன்று முறை எழுதுவதைப் பார்த்து, நான் சரிசெய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஷார்ஜா கிடங்கில் இதே மாதிரி கறுப்புத் திரையோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவன். கைபோன போக்கில் கொஞ்சம் கற்றிருந்தேன்.

திறந்து பார்த்தேன். பெயருக்குப் பதினாறு இடம் ஒதுக்கி, பெயர் எவ்வளவு நீளமோ அதுபோக மீதியை வெற்றிடத்தால் நிரப்பியிருந்தார்கள். நீளத்தை அளக்கும் இடத்தில்தான் கோளாறு என்று தெரிந்தது. எத்தனை எழுத்து என்று எண்ணும்படி மாற்றினேன். சோதித்தும் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் வியட்நாம்காரர், நேபாளக்காரர், பிறகு ஏழுமலை என்று என் பெயர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடித்தேன், எனக்கு வேகமாக அடிக்க வருவது அதுதான். கோடு போட்டமாதிரி நின்றது. ஓகாதா-சானிடம் தயார் என்றேன்.

சாப்பிடப் போகிறவர்கள் பெயரில் ஒன்றையாவது அடித்துப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

4

மறுநாள் மதியம் உண்மையான பட்டியல் திரையில் வந்தது. மோரி என்று ஒரு பாட்டியம்மா, அறை எண் 204. அவர் பெயர் குண்டு எழுத்தில் நான்கு. புரோகிராம் நான்கு என்று எண்ணிப் பன்னிரண்டு வெற்றிடம் சேர்த்தது. ஆனால் திரையில் அந்த நான்கு எழுத்தும் எட்டு இடம் பிடித்தன. ஆக வரி நான்கு இடம் நீண்டு திரையின் ஓரத்தை இடித்தது. கடைசியில் இருந்த குறி வழிந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் விழுந்தது. இடது ஓரத்தில் அழகுக்காகக் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருந்தார்கள். குறி அதில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

எல்லா வரிக்கும் இப்படித்தான். குறிகள் எல்லாம் இடப்பக்கம், ஒன்றின்கீழ் ஒன்றாக, நேராக நின்றன. கோணலாக இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். மேடையில் நின்ற பெண், "குறியை முன்னால் கொண்டுவந்துவிட்டாயா, படிக்கச் சுலபமாக இருக்கிறது" என்றார். நான் கொண்டுவரவில்லையே என்று நினைத்தேன். ஆனாலும் பாராட்டு வந்ததால் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் தலையாட்டல் அது.

தட்டுகள் போயின. பாத்திரம் கழுவப் போகும்போது திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். பட்டியல் முடிந்து, கடைசி வரிக்குக் கீழே, யார் பெயரும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு முக்கோணம் தனியாக நின்றது.

அது யாருடையது என்று யோசித்தேன். மேலே இருப்பவருடையது. அப்படியானால் அவருக்கு முன்னால் நிற்பது அவருக்கு மேலே இருப்பவருடையது. கண் மேலே மேலே போய் 204-க்கு வந்தது. இரண்டாம் மாடியின் ஒரே நட்சத்திரம் அவருடையது, அது 205-க்கு முன்னால் நின்றது. 204-க்கு முன்னால் ஒரு வட்டம். அன்றைக்கு வட்டத்துக்குப் பொரித்த மீன்.

முதல் மாடி வண்டி இன்னும் வாசலில் நின்றது. அதை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். இரண்டாம் மாடி வண்டி போய்விட்டிருந்தது. படியில் ஓடினேன்.

சாப்பாட்டு அறையில் மோரி-சான் மீனைச் சாப்ஸ்டிக்கால் தூக்கிவிட்டார். எனக்கு வாயில் எந்தச் சொல்லும் வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது சமையல்கூடத்தில் நாங்கள் கத்துவது, சூடு வருகிறது ஒதுங்கு என்று அர்த்தம். அதைக் கத்திக்கொண்டே ஓடினேன். அறையில் இருந்த இருபது பேரும் காலை இழுத்துக்கொண்டார்கள். மோரி-சான் மட்டும் அசையவில்லை. நான் தட்டைப் பிடித்தேன். அவர் மறுபக்கத்தைப் பிடித்தார். எண்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு பிடியை நான் எதிர்பார்க்கவில்லை.

"இது என்னுடையது" என்றார்.

"இல்லை, தப்பாக வந்துவிட்டது."

"இரண்டு வருடமாகத் தப்பாக வந்துகொண்டிருந்தது. இன்றுதான் சரியாக வந்திருக்கிறது."

செவிலியர் வந்து பேசி, தட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். மீன் முழுசாக இருந்தது. மோரி-சான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

5

அந்த மாதம்தான் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் மனைவி, மகள் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான். எனக்குப் புதிதல்ல, பெட்டி கட்டத் தெரிந்தவன். மகளுக்கு அப்படியில்லை. ஐந்து வயதில் வந்தவள், அவளுக்கு இதுதான் ஊர்.

ஓகாதா-சானிடம் போய், புரோகிராம் பழுதாகவில்லை, நான்தான் தப்பாக எண்ணினேன் என்று சொன்னேன். அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்துவைத்தார். "வா" என்றார். முதல் மாடி வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் மாடியில் மட்டும் தட்டு மாறிப் போன ஒவ்வொரு அறைக்கும் போனோம். வாசலில் நின்று இடுப்புவரை குனிந்தோம். அவர் குனிந்து எழும்வரை நானும் எழவில்லை. அரைத்த சோறு தவறாகக் கிடைத்த 205-ஆம் அறைக்காரர், "நன்றாகத்தான் இருந்தது" என்றார். பதினெட்டு அறைகள். என் முதுகைவிட அவர் முதுகு இருபது வயது பெரியது.

திரும்பி வந்ததும் சொன்னார்: "திங்கள்வரை பேனாவில் எழுதுவோம். நீ சரிசெய்து கொண்டுவா. ஆனால் இந்த முறை நான் பார்க்காமல் தட்டு போகாது."

"வேறு யாரையாவது கூப்பிடலாமே" என்றேன்.

"வேறு யாருக்கும் எங்கே தப்பாகும் என்று தெரியாது. உனக்குத் தெரியும்."

எஸ்டேட்டில் ஒரு பீஸ் கோணலானதற்கே என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இந்த அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. வேலைக்கு நேரத்தோடு போகிறேன்.

6

ஞாயிறு மதியம் டில்லிக்கு வீடியோவில் போன் போட்டேன். அவனுக்குக் காலை நேரம், இட்லி தட்டோடு வந்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி தொங்கிகினு கீது. ஊட்டுல அடியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். புரோகிராமையும் அனுப்பியிருந்தேன். அவன் மெல்லிக்கொண்டே படித்தான்.

"பழைய மெசின்ல இது ஏன் ஒழுங்கா ஓடிச்சு சொல்லு? அதுல குண்டு எழுத்து உள்ள மெமரிலயும் ரெண்டு எடம், வெளிய திரையிலயும் ரெண்டு எடம். உள்ள எண்ணினாலே வெளிய சரியா வந்துரும். புதுசுல உள்ள மூணு, வெளிய ரெண்டு. அதான் ஒடஞ்சுது. நீ வந்து, மூணும் வாணாம் ரெண்டும் வாணாம்னு ஒண்ணுன்னு எண்ணிட்ட."

"ஒரு எழுத்து ஒண்ணுதானேடா."

"யோவ் ஏழுமல. நீ எத்தினி வருசம் வண்டி ஓட்டின? மீன் கூடை அக்காவ ஒரு ஆளுன்னு என்னிக்காச்சும் ஏத்திகினோமா?"

நான் புரோகிராமில் அந்த வரியைத் தேடினேன்.

"தலைய எண்ணாத மாமே. சீட்ட எண்ணு. ஒவ்வொரு எழுத்தும் எத்தினி சீட்டு அடைக்குதுன்னு சொல்றதுக்கு ரெடிமேடா ஒரு பட்டியலே கீது, அத்த கேட்டு கூட்டிக்கோ. பேரு நீளமா இருந்து வெட்டணும்னா, ஒரு சீட்டு மிச்சம் இருக்கும்போது குண்டு எழுத்து வந்தா?"

"ஏத்தக்கூடாது. காலியா விடணும்."

"பாத்தியா. பாதி அக்காவ ஏத்தினா மீதி பாதி ரோட்ல கெடக்கும். நீதான் அப்போ என்ன வீம்பு புடிச்சவன்னு சொல்லிகினு இருந்த."

பக்கத்தில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் சொல்லும் பிள்ளை. அன்று தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, அந்த மாமா பேசுறது எந்த பாஷை?"

டில்லி கேட்டுவிட்டான். "உங்கப்பனும் இத்ததான் பேசிகினு இருந்தான் கண்ணு, ஏரோப்ளேன் ஏர்ற வரைக்கும். இப்போ டிவி நியூஸ் மாரி பேசறான்."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. இருந்தாலும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளாயிற்று அப்படி உட்கார்ந்து.

சொன்னபடி மாற்றினேன். இந்த முறை எல்லாப் பெயர்களையும் அவரவர் எழுத்திலேயே போட்டேன். பெயர்கள் நேராக வந்துவிட்டன. ஆனால் கோடியில் சில வரி ஒரு இடம் தள்ளி நின்றது. எழுத்தில் இல்லை, வட்டத்திலும் முக்கோணத்திலும் நட்சத்திரத்திலும்தான் சிக்கல்.

டில்லி கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தான். "இதுங்க ரெண்டுங்கெட்டான். ஜப்பான்காரன் மெசின்ல ரெண்டு சீட்டு, வெளியூர் மெசின்ல ஒண்ணு. அஞ்சு வயசு புள்ளைங்க மாரி. நம்ம வானகரம் ரூட்ல புள்ளைய மடில வச்சிக்கலாம். ஆவடி–பூந்தமல்லி ரூட்ல அதே புள்ளைக்கு தனி சீட்டு. புள்ள மாறல, ரூட்டுதான் வேற."

"அப்போ என்ன பண்றது?"

"உன் திரை எந்த ரூட்டுன்னு மொதல்ல பாரு. இல்லாட்டி புள்ளையே இல்லாத குறியா போடு."

நான் குறிகளையே மாற்றிவிட்டேன். வட்டமும் நட்சத்திரமும் வேண்டாம். இந்த ஊர் எழுத்திலேயே "சாதாரணம்", "மென்மை", "அரைத்தது" என்று அர்த்தம் வரும் ஒற்றை எழுத்துகள். எந்த ரூட்டில் போனாலும் இரண்டு சீட்டு. சந்தேகத்துக்கே இடமில்லை.

7

திங்கள் காலை ஓகாதா-சான் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் அவர் எழுதிய காகிதம். அறுபது வரிகளையும் விரல்வைத்துச் சரிபார்த்தார். பிறகு விசைப்பலகையைக் கேட்டு வாங்கி, இருப்பதிலேயே நீளமான பெயரைக் குண்டு எழுத்தில் அடித்தார். கண்ணப்பன் ஏழுமலை.

ஒதுக்கிய இடத்தில் கண்ணப்பன் முழுசாக ஏறினார். என் பெயரில் முதல் எழுத்துதான் ஏறியது. ஒரு சீட்டு காலியாக நின்றது. ஆனால் அதற்குப் பிறகு குறி தன் இடத்தில் நேராக நின்றது.

"உன் பெயர் வெட்டுப்பட்டுவிட்டதே" என்றார்.

"பரவாயில்லை. குறி நகரவில்லை."

அவர் பேனாவால் எழுதிய காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மேடையில் இருப்பவர்களுக்கு ஷேர் ஆட்டோ கதையை என் உடைந்த ஜப்பானியத்தில் சொன்னேன். மீன் கூடை அக்காவை நடித்துக் காட்டவேண்டியிருந்தது. இப்போது வண்டி கிளம்புமுன் ஒருவர் பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே பார்த்து, "யாரும் நிற்கவில்லை" என்று சத்தமாகச் சொல்கிறார். அது எங்கள் சமையல்கூடத்து வழக்கமாகிவிட்டது.

8

மோரி-சான் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. தட்டை வைத்தால் ஜன்னலைப் பார்ப்பார். நான் அவருடைய உயிரைக் காப்பாற்றினேன் என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அவரைப் பொறுத்தவரை நான் அவருடைய மீனைப் பிடுங்கியவன். இரண்டும் உண்மைதான். உயிருக்கு ஆபத்தாகும்படி செய்தவனும் நான்தான் என்பது மூன்றாவது.

இதை ஓகாதா-சானிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் கழித்து மீனை வேகவைத்து, முள் எடுத்து, நன்றாக அரைத்து, மறுபடி மீன் துண்டு மாதிரியே அச்சில் வைத்து உறையவைத்துக்கொண்டிருந்தார். மேலே நெருப்புக்குழலால் லேசாகப் பொன்னிறமாக்கினார். நாக்கால் அழுத்தினாலே கரையும். செவிலியரும் மருத்துவரும் ருசிபார்த்துச் சரி என்றார்கள். பட்டியலில் 204-க்கு ஒரு புதுக் குறி வேண்டும் என்றார். மீன் என்பதற்கான எழுத்தையே போட்டேன். குண்டு எழுத்து, இரண்டு சீட்டு. கூட்டிப் பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

தட்டை நானே கொண்டுபோனேன். மோரி-சான் மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் தட்டின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இன்றைக்குக் கத்திக்கொண்டு ஓடிவர மாட்டாயே?"

"மாட்டேன்" என்றேன்.

அவர் ஒரு கையைத் தட்டிலிருந்து எடுத்துச் சாப்ஸ்டிக்கைத் தூக்கினார். இன்னொரு கையை எடுக்கவில்லை. முதல் துண்டை அவர் விழுங்கி முடிக்கும்வரை நான் கதவருகே நின்றேன்.